அப்புறம் சாரும் என் வாசற்படியும்

எந்த நல்ல காரியத்தையும் ஒரே ஒரு வார்த்தையால் நிறுத்திவிடக்கூடிய மனிதர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். கல்யாணப் பந்தியில் பிளாஸ்டிக் கப்பில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவரை அப்படியே கரண்டியும் கையுமாக நிறுத்தியிருக்கிறார். ஏரிக்குக் கிளம்பிய பிள்ளையாரை லாரியோடு பத்து நிமிஷம் நிறுத்தியிருக்கிறார். கத்தவும் மாட்டார், மறிக்கவும் மாட்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, "சரி, அப்புறம்?" என்று கேட்பார். அவ்வளவுதான். கேட்கப்பட்டவர் கை ஓடாமல் நின்றுவிடுவார்.

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் எங்கள் தெருவில் மூன்று பாஷை பேசுகிறவர்கள் இருக்கிறோம். தமிழ்க் குடும்பங்கள் அவரை 'அப்புறம் சார்' என்றோம். தெலுங்குக்காரர்கள் 'தருவாத்த சார்' என்றார்கள். என் பக்கத்து வீட்டு ஷமீம் 'ஃபிர் க்யா சாப்' என்பாள். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான். சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கும். அவரும் எங்களிடம் சொன்னதில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். நான் அரக்கோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் இந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியது நான்தான். தெரு மேலிருந்து கீழாகச் சரிந்து வரும். சரிவு முடிகிற கடைசி வீடு எங்களுடையது. அதனால் தெருவிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே வரும்படி உயர்த்திக் கட்டினோம். அந்த மூன்று படியை மறந்துவிடாதீர்கள். நான் சொல்லப்போவது முழுக்க அந்தப் படிகளைப் பற்றித்தான்.

அப்புறம் சார் திருநெல்வேலிக்காரர். மத்திய சர்க்கார் குவார்ட்டர்ஸ்களைக் கட்டும் இன்ஜினீயராக இருந்து ரிட்டயரானவர். மனைவி காலமாகிவிட்டார். எதிர்வீட்டு மாடியில் தனியாக இருந்தார். மழை வந்தால் ஊரே உள்ளே ஓடும், இவர் மட்டும் வெளியே ஓடுவார். பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, ஆளுயர மூங்கில் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, தெருவில் நாலு இடத்தில் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். குச்சியில் விரல் விரலாகப் பெயிண்டில் கோடு போட்டிருக்கும். பார்த்ததைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்வார். தெரு நாய்களெல்லாம் ஆரம்பத்தில் குரைத்தன. பிறகு அவையும் கூடவே நனைந்துகொண்டு நடந்தன.

அவர் குடிவந்த புதிதில் ஒருநாள் நான் வேப்பஞ்சருகைக் கூட்டி நெருப்பு வைக்கப் போனேன். மேலே மாடியிலிருந்து குரல் வந்தது.

"என்ன ஆச்சி, கொளுத்துதியளா?"

என்னைவிட நாலு வயதாவது மூத்தவர். அவர் என்னைப் பாட்டி என்கிற மாதிரி ஆச்சி என்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா சார், கொசு போவும்" என்றேன்.

"போவும். அப்புறம்?"

"அப்புறம் இன்னா. போனது போனதுதான்."

"அடுத்த வீட்டுக்குல்லா போவும். அவங்க கொளுத்துவாங்க. அங்கிருந்து அடுத்த வீடு. சுத்தி வந்து யார் வீட்டுக்கு வரும்?"

தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. ஷமீம்தான் வந்து, "அம்மாஜி, ஃபிர் க்யா சாப் உங்களையும் புடிச்சுட்டாரா" என்று சிரித்து என்னை எழுப்பிவிட்டாள்.

காலனி கமிட்டியைத்தான் அவர் அதிகம் வதைத்தார். கமிட்டித் தலைவர் ரெட்டிகாரு. தெருவின் மேல்முனையில் பெரிய வீடு. தங்கமான மனிதர், ஆனால் எதையும் நாளைக்கே செய்து முடித்துவிட வேண்டும். மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம் என்று சூரிய வெளிச்சத்தில் எரியும் தெருவிளக்கு கொண்டுவந்தார். விளக்குக்கு வெயில் படவில்லை, மரம் மறைக்கிறது என்றார்கள். மரத்தை வெட்டினார்கள். மரம் போனதும் எல்லா வீட்டிலும் அனல் தாங்காமல் ஏ.சி. வாங்கினார்கள். சார் அந்த விளக்குக் கம்பத்தடியில் வெயிலில் நின்று, "அப்புறம்?" என்று கேட்டார். ரெட்டிகாரு அன்று வேறு சந்து வழியாக வீட்டுக்குப் போனார்.

பிறகு பிளாஸ்டிக் பையை ஒழிக்கிறோம் என்று துணிப்பை வந்தது. பச்சை இலைப் படம் போட்டு, பூமியைக் காப்போம் என்று தெலுங்கில் அச்சடித்த பை. காதுகுத்துக்கு ஒரு பை, கிரகப்பிரவேசத்துக்கு ஒரு பை, கொடியேற்றினால் ஒரு பை. என் வீட்டில் மட்டும் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதிலேயே குப்பையைக் கட்டி வெளியே வைக்க ஆரம்பித்தார்கள். "பூமியக் காப்பாத்த பை குடுத்தாச்சு. பைட்டயிருந்து பூமிய யாரு காப்பாத்த?" என்று சார் கேட்டார். நான் சிரித்தேன். அந்தப் பைகளில் ஒன்று என்ன செய்யக் காத்திருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

இனி என் பங்குக்கு வருகிறேன். எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வந்தது என்னால்தான். இதை நான் வெட்கமில்லாமல் சொல்வேன். மண் தெருவில் புழுதி, மழையில் சேறு. கமிட்டி எழுதிய மனுக்களுக்குப் பதிலே இல்லை. நான் ஒரு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு முனிசிபல் ஆபீசுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன், உட்கார்ந்தேன், சாயங்காலம் வந்தேன். மறுநாளும் போனேன். ஏழாம் நாள் அந்த அதிகாரி என் டப்பா திறக்கும் சத்தத்தைக் கேட்டே எழுந்து வந்து, "அம்மா, மீ ரோடு மீகு ஒச்சேஸ்துந்தி" என்றார். உங்கள் ரோடு வந்துவிடும் அம்மா, வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம்.

ரோடு போட்டு முடித்து ரெட்டிகாரு தேங்காய் உடைத்த அன்று எனக்கு மாலை போட்டார்கள். கழுத்தில் மாலையோடு நிற்கிறேன், குச்சியோடு வந்து நிற்கிறார்.

"ஆச்சி, ரோடு நல்லாத்தான் இருக்கு. இத்தன நாளும் மண்ணுல எறங்கின தண்ணி இனி எங்க போவும்? அப்புறம்?"

"அப்புறம் உங்க தலையில ஊத்தும்" என்றேன்.

தெரு முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை வெகுநாள் நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ரோட்டில் என் மூன்று படிகளில் ஒன்று மூடிப்போனது. கொஞ்ச வருஷத்தில் ரோடு பெயர்ந்தது. பழையதைத் தோண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டார்கள். இரண்டாவது படியும் போனது. மீதி ஒரே படி. தெரு வளர்ந்துகொண்டே போனது, என் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த ஆவணியில் ஒரு மத்தியானம் வானம் கிழிந்துகொண்டு கொட்டியது. மேல்முனையிலிருந்து எல்லா வீட்டு மாடித் தண்ணீரும் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. ஒற்றைப் படியைத் தாண்டிக் கூடத்துக்குள் நுழைந்தது. அரிசி டிரம் மிதந்தது. என் வீட்டுக்காரரின் டிரங்குப் பெட்டி மிதந்தது. இத்தனைக்கும் நடுவில் தெருவில் இருந்த அத்தனை வீட்டுச் செருப்பும் வரிசையாக என் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. ரெட்டிகாரு வீட்டம்மாவின் ஜரிகைச் செருப்புதான் முதலில் வந்தது. மறுநாள் தெருவே செருப்புத் தேடி என் வீட்டுக்கு வந்தது. என் மகன் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. சேற்றை வழித்துக்கொண்டே ஜோடி ஜோடியாக எடுத்துக் கொடுத்தேன். சிரித்த முகத்தோடுதான் கொடுத்தேன். எல்லோரும் போன பிறகு ஷமீம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நக்கோ அம்மாஜி, ரோனா நக்கோ" என்றாள். அப்போதுதான் அழுகிறேன் என்றே எனக்குத் தெரிந்தது.

அப்புறம் சாரும் வந்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைக் குச்சியால் அளந்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த சேற்றைத் தள்ள ஆரம்பித்தார். அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

என் மகன் சேகர் ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறான். சேதி கேட்டு ஓடி வந்தான்.

"இன்னாத்துக்கும்மா இந்த ரோதனை? வீட்ட பில்டர்கிட்ட குடுத்துட்டு எங்களோட வந்து இரு."

"ஒரு வாட்டி வந்துச்சி. அதுக்குன்னு வீட்டையே வுட்டுட்டு ஓடணுமா?"

"திரும்ப வந்தா?"

பிள்ளையும் அதே கேள்விதான் கேட்டான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னொரு வாட்டி தண்ணி வாசப்படி தாண்டி உள்ள வந்தா, நானே பொட்டியத் தூக்கிகினு வரேன். நீ கூப்புடவே வாணாம்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன வாய் மூடவில்லை, பயம் பிடித்துக்கொண்டது. சேகர் வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்கள். ஆனால் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் ஜன்னல். பேத்தி நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். காலை வெளியே வைத்தால் தரை இல்லை, லிஃப்ட்தான். அன்றிலிருந்து வானத்தில் ஒரு கறுப்பு மேகம் தென்பட்டால் எனக்குச் சோறு இறங்காது. அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றி வைத்தேன், இறக்கவே இல்லை. வானிலை அறிக்கையைக் கேட்பதில் மந்திரிகூட என்னிடம் தோற்றுப்போவார்.

மழையில் மூழ்கிய வீட்டில் சித்திரையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இதைத்தான் என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. தெருவின் போர் வற்றிப்போனது. டாங்கர் வந்தால் தெருவே குடத்தோடு ஓடியது. ரெட்டிகாரு தன் வீட்டு முன்வாசலில் கூட்டம் போட்டார். இரண்டு தீர்மானம் என்றார். ஒன்று, முன்னைவிட ஆழமாகப் புது போர். இரண்டு, ரோடு மறுபடி பெயர்ந்துவிட்டது, அதன் மேல் மூன்றாவது ரோடு.

மூன்றாவது ரோடு என்றதும் நான் கீழ்முனையில் என் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். என்னிடம் இருப்பது ஒரே படி.

சார் எழுந்தார். எல்லோரும் ஒரே சமயத்தில் நாற்காலியில் சாய்ந்தார்கள்.

"ஆழமா போர் போடுதோம். சரி. அடுத்த தெருவுல அவங்க போர் வத்தும். நம்மளவிட ஆழமா போடுவாங்க. அப்புறம்?"

"டாங்கர் இருக்கே சார்" என்று யாரோ சொன்னார்கள்.

"டாங்கர் எங்கேயிருந்து வருது தெரியுமா? நான் போய்ப் பாத்தேன்லா."

உண்மையாகவே போயிருக்கிறார். டாங்கர் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஊரைத் தாண்டி ஒரு வயல்காட்டு வரைக்கும் போயிருக்கிறார். அங்கே ஒரு விவசாயி நெல் போடுவதை விட்டுவிட்டுத் தன் போர்த் தண்ணீரை டாங்கருக்கு விடுகிறாராம். சாருக்கு மோர் கொடுத்திருக்கிறார். "அரிசி?" என்று சார் கேட்டாராம். "கடையில வாங்கறேன்" என்றாராம். "அவரு போரும் கீழ போவுது. அது வத்தினா அவருக்கும் தண்ணி இல்ல, நமக்கும் இல்ல. அப்புறம்?"

பெரிய சாக்கடை வெட்டித் தண்ணீரை வெளியே தள்ளிவிடலாம் என்றார் ஒருவர். "கீழ காலனிக்காரன் மணல் மூட்டைய அடுக்கித் தயாரா வச்சிருக்கான். பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார் சார்.

ரெட்டிகாரு கும்பிட்டார். "சார், மீரு காஸ்த ஊருக்கோண்டி." கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று கெஞ்சினார்.

அப்போது எழுந்தது நான்தான். பயம் என்னை அப்படிப் பேச வைத்தது.

"கேக்கறதுக்கு மட்டும் வாய் இருக்குது உங்களுக்கு. அதுவும் வாணாம், இதுவும் வாணாம். இன்னாதான் பண்ணணும்? ஒரே ஒரு பதில் சொல்லுங்க சார், நாங்களும் கேக்கறோம்."

சார் செருப்பை மாட்டினார். குச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அவரை நிறுத்தியது நான் என்று நாலு பேர் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு மட்டும் காபி கசந்தது.

மறுநாள் காலை வந்து என் ஒற்றைப் படியில் உட்கார்ந்தார். காலண்டர் தாள்களை ஒரு கட்டாகக் கொண்டு வந்திருந்தார். இத்தனை வருஷமாக நனைந்து எழுதியவை. தண்ணீர் எந்த வீட்டிலிருந்து எவ்வளவு வருகிறது, எங்கே நிற்கிறது, எல்லாம் அம்புக்குறி போட்டிருந்தது. எல்லா அம்பும் என் வாசலில் வந்து முட்டியது.

"பதில் கேட்டியளே ஆச்சி. மேல உள்ள ஒவ்வொரு வீடும் அவங்கவங்க மாடித் தண்ணிய அவங்க வீட்டுலயே குழி வெட்டி எறக்கணும். தெருவுல விடப்படாது. அப்படியும் தப்பி வாரது இங்கதான் வரும். இங்கன ரோட்ட ஒடச்சு பெரிய குழி வெட்டணும். கல்லு, ஜல்லி, மணலு போட்டு மேல கம்பி வல. மூணாவது ரோடு கூடவே கூடாது."

தெலுங்கில் இதற்கு இங்குடு குந்த என்று பெயர். கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஏழு நாள் பெஞ்சில் உட்கார்ந்து நான் வாங்கி வந்த ரோட்டை என் வாசலிலேயே உடைக்க வேண்டும். அதைவிட, தெருத் தண்ணீர் முழுவதையும் என் வீட்டுக்கு எதிரிலேயே கூப்பிட்டு நிறுத்த வேண்டும்.

நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "சரி சார். அது ரொம்பி வழிஞ்சா? அப்புறம்?"

அவர் தலை சாயவில்லை. காலண்டர் தாள்களை மடித்துக் கட்டினார்.

"தெரியாது ஆச்சி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு குவார்ட்டர்சுக்கு மழைத் தண்ணீர் நிற்காதபடி வாய்க்கால் போட்டுக் கொடுத்தாராம். எல்லோரும் பாராட்டினார்களாம். அந்தத் தண்ணீர் போய்க் கீழே இருந்த குடிசைகளில் நின்றதாம். "நான் பதில் சொன்ன மொத தடவ அது. அந்தப் பிள்ளையளெல்லாம் பள்ளிக்கூடத்துத் திண்டுல ஒரு மாசம் படுத்துக் கெடந்துச்சு. அப்புறம் நான் பதிலே சொல்லல. கேள்விதான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நான் மூன்று நாள் யோசித்தேன். குழி வெட்டாவிட்டால் மூன்றாவது ரோடு வரும், தண்ணீர் உள்ளே வருவது நிச்சயம். வெட்டினால் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். நாலாம் நாள் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"சார், வெட்டலாம். ஆனா ஒண்ணு. மொத பெரிய மழைக்கு நீங்க என் கூடத்துல வந்து ஒக்காரணும். தண்ணி வந்தா ரெண்டு பேரும்தான் நனையணும்."

"வருவேன்லா" என்றார்.

குழி வெட்டுவது சுலபம். மேல் வீடுகளைச் சம்மதிக்க வைப்பதுதான் மலை. நாங்கள் இருவரும் வீடு வீடாக ஏறினோம். ரெட்டிகாரு நிதானமாகச் சொன்னார்: "மா இண்ட்லோகி நீள்ளு ராது கதம்மா." எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வராதே அம்மா என்கிறார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தண்ணீரை அனுப்புகிற வீடு நனைவதில்லை, அதனால் அந்த வீட்டுக்குக் குழி எதற்கு? இந்த இடத்தில்தான் எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. சாரும் கேள்வி இல்லாமல் நின்றார்.

என் நாக்கு தானாகத் திரும்பியது. "சரி ரெட்டிகாரு. நான் ஜீடிமெட்லாவுக்குப் போயிடறேன். என் வீட்ட பில்டர் வாங்குவாரு. அஞ்சு மாடி கட்டுவாரு. அவருக்குன்னு ஒரு போர் போடுவாரு, நம்ம எல்லாருதையும்விட ஆழமா. கீழ்முனையில வீட்டையே ஒசத்திக் கட்டினா தண்ணி திரும்பி மேல ஏறும். அப்புறம்?"

ரெட்டிகாரு என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். "அம்மா, மீரு கூடானா" என்றார். நீங்களுமா என்று. அவர் முகத்தில் தெரிந்த பீதியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். தன் தோட்டத்தில் முதல் குழியை அவர்தான் வெட்டினார்.

எல்லோரும் வெட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி வீடுதான் வெட்டியது. இரண்டு வீடு வெட்டி, மூடி, மேலே கார் நிறுத்தியது. ஷமீம், "ஹவ், ஆமா அம்மாஜி, என் வீடு ரெடி" என்று தன் முற்றத்தில் வெட்டி, குழி ஓரத்தில் புதினா போட்டாள்.

என் வாசல் குழி தயாராகிப் பத்து நாள் இருக்கும். மத்தியானம் இரண்டு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சார் சொன்னபடி வந்துவிட்டார். குச்சியைப் படியோரம் நட்டார். அதில் சிவப்புக் கோடு ஒன்று புதிதாகப் போட்டிருந்தார். அது என் வாசல் உயரம். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒரு தட்டு முறுக்கு வைத்தேன்.

மழை பிடித்தது. தண்ணீர் சரிந்து வந்து குழியில் விழுந்தது. கடகடவென்று குடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. சார் ஒரு முறுக்கை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் நின்றது. தண்ணீர் குச்சியில் ஏற ஆரம்பித்தது.

"எவ்வளவு இருக்குது சார்?"

"சிவப்புக்கு ஆறு விரல்."

தட்டு காலியாகிவிட்டது. காலித் தட்டில் அவர் கை இன்னும் முறுக்கைத் தேடிக்கொண்டிருந்தது.

"இப்ப?"

"மூணு விரல். பேசாதீய ஆச்சி."

நான் என் வீட்டுக்காரரின் போட்டோவைப் பார்த்தேன். ஐந்தாவது மாடியில் இதை எந்தச் சுவரில் மாட்டுவது என்று நினைப்பு ஓடியது. ரெண்டு விரல். சார் எழுந்து கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்த தண்ணீரில் இறங்கிவிட்டார். கண்ணாடியை என் கையில் திணித்தார். நானும் இறங்கினேன். ஒரு கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து தண்ணீருக்குள் கம்பி வலையைத் துழாவினார். எதையோ பிடித்து இழுத்தார். வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்தது.

கமிட்டியின் துணிப்பை. பச்சை இலை. பூமியைக் காப்போம்.

குழி மறுபடி கடகடவென்று குடிக்கத் தொடங்கியது. சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே வரை ஏறியிருந்த தண்ணீர் இறங்கியது. இரண்டு விரல், நாலு விரல், பிறகு என் ஒற்றைப் படி வெளியே தெரிந்தது. ஷமீம் தன் வாசலில் நின்று கைதட்டினாள். நான் சிரித்தேன். சார் அந்தப் பையைப் பிழிந்தார்.

"ஒத்தப் பைக்கே இந்தப் பாடு. வருசா வருசம் சேறு அடையும். அப்புறம்?"

"மொதல்ல தலையத் தொடைங்க" என்று துண்டை வீசினேன்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒரு வழக்கம். மேகம் கறுத்தால் ஒரு வீட்டுக்காரர் வந்து அந்தக் கம்பி வலையைச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுக்கு வீடு முறை. ரெட்டிகாரு முறைக்கு ரெட்டிகாருவே துடைப்பத்தோடு வருகிறார். அடுத்த சித்திரையில் போர் முழுதாக வற்றவில்லை, நிறைந்துவிடவும் இல்லை. டாங்கர் குறைந்தது, நிற்கவில்லை. மூன்றாவது ரோடு வேண்டுமென்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அவர் இப்போது இங்கே இல்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று தங்கை வந்து பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போய்விட்டார். போகும்போது குச்சியை என் வாசலில் சாத்திவிட்டு, "வாரேன் ஆச்சி" என்றார். நான் குச்சியை எடுத்து உள்ளே வைத்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஹைதராபாத்தில் மழை என்று டி.வி.யில் சொன்னால் போன் வந்துவிடும். எந்த விரல், யார் முறை, வலையில் என்ன சிக்கியது என்று கேள்வி மேல் கேள்வி. பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கும். அதனால் இப்போதெல்லாம் நான் பேசுவதில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், போனைக் குழிக்கு நேராக நீட்டிவிடுவேன். உள்ளே தண்ணீர் இறங்கும் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வாயில் 'அப்புறம்' வராத நேரம் அது ஒன்றுதான். கை கடுத்துப்போகும். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டிருப்பேன்.